இலேரின் முதுகு

அந்த டிசம்பரில் அடித்த சுவெட் காற்று எங்கள் கல்லூரியின் கூரையைக் கொண்டுபோய்விட்டது. சுவெட் மலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும். வருகிறது என்று தெரிந்தால் படகை இறுக்கிக் கட்டுவோம், குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைப்போம், பிள்ளைகளைத் தனியே நடக்க விடமாட்டோம். கூரையைக் கட்டிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதில் பாதி, கடற்கரையோரம் புல்வயலில் கிடந்தது. யூலலி பாடம் நடத்த வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூடு இடுப்புக்கு மேல் மட்டும் சர்ச் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் பனி தள்ளும் வண்டியோடு போன நான்தான் அதை முதலில் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன் என்று இலேர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். போட்டுக்கொண்டது உண்மைதான். சத்தமாகக் கத்தினேன் என்று சேர்த்துச் சொல்கிறான் பாருங்கள், அது பொய்.

இலேருக்குக் கடல்தான் தொழில். மே மாதம் பிறந்தால் சிங்கி இறால் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போவான். அது முடிந்ததும் நண்டு. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் உட்கார்ந்து உடைந்த கூண்டுகளுக்குச் சட்டம் மாற்றுவான், வலை பின்னுவான். அவன் மனைவி யூலலி கல்லூரியில் செவிலியர் படிப்புப் பிள்ளைகளுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுப்பவள். மேட்டு வீதியிலிருக்கும் முதியோர் இல்லத்தில் ஊசி போடுகிற, புண் துடைக்கிற கைகளில் பாதிக்கு மேல் அவளிடம் பாடம் கேட்ட கைகள். வகுப்பில் ஒரு எலும்பைத் தூக்கிக் காட்டி அவள் கதை சொன்னால் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள் என்பார்கள்.

ஜனவரியில் புது வகுப்பு தொடங்க வேண்டும். கூரை இல்லை. பனிக்காலத்தில் கூரை போடவும் ஆள் இல்லை. எனவே எல்லாவற்றையும் ஆன்லைனில் நடத்தச் சொல்லிவிட்டது சிட்னியிலிருக்கும் தலைமைக் கல்லூரி. ஆஸ்திரேலியாவின் சிட்னி அல்ல, எங்கள் தீவிலேயே இருக்கும் சிட்னி. பிள்ளைகள் கடற்கரை நெடுகச் சிதறியிருந்தார்கள். சிலர் மலைக்கு அந்தப் பக்கம். அவர்களில் ஒருவரையும் யூலலி நேரில் பார்த்ததில்லை.

தினமும் பனி தள்ளி முடித்துவிட்டு அவர்கள் வீட்டில் தேநீர் குடிப்பது எனக்கு வழக்கம். அதனால் அந்த வகுப்பு எப்படித் தொடங்கியது, எப்படிச் செத்துக்கொண்டிருந்தது என்பதை அடுப்பங்கரையிலிருந்தே பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப். அதற்கு முன்னால், சர்ச்சுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு யூலலி. திரையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் மட்டும். முகமில்லை, சத்தமில்லை. அவள் ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு வாசிப்பாள். காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை வாசிப்பு. நடுவில், "புரியுதா?" என்று கேட்பாள். பதில் வராது. "சரி, புரிஞ்சிருக்கும்," என்று அவளே சொல்லிக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவாள்.

இலேர் மீனையும் உருளைக்கிழங்கையும் பிசைந்து தட்டி, சட்டியில் போட்டபடி என்னிடம் கிசுகிசுப்பான். "ரெமி, கல்லறையில போய் இப்படிப் பேசினாக்கூட ஒரு பூனையாவது திரும்பிப் பாக்கும்டா."

"எனக்குக் கேக்குது," என்பாள் அவள் திரும்பாமலே.

"கேக்கணும்னுதான் சொன்னேன்."

பிப்ரவரி பிறப்பதற்குள் கறுப்புக் கட்டங்கள் குறையத் தொடங்கின. லோரெட் என்ற பெண் முதலில் நின்றாள். அப்புறம் இன்னும் சிலர். ஒரு நாள் சிட்னியிலிருந்து துறைத் தலைவி மோரக் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல பெண்மணிதான், பூசி மெழுகாமல் பேசுகிறவள். இன்னும் இரண்டு பேர் போனால் இந்த வகுப்பை மூடிவிடுவோம், மிச்சமிருப்பவர்கள் விருப்பப்பட்டால் சிட்னிக்கு வந்து படிக்கட்டும் என்றாள். மாத இறுதியில் தானே ஒரு நாள் வகுப்புக்குள் வந்து பார்ப்பதாகவும், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள்.

யூலலி போனை வைத்துவிட்டு மாவு படிந்த மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"சிட்னிக்கு யாரு போவா? மலைக்கு அந்தாண்ட இருக்குற நோலா போவாளா? புருஷன் எங்கயோ தூரத்துல, ஆல்பர்ட்டாவுல வேலை பாக்குறான். கைப்பிள்ளை, மாமனார், எல்லாம் அவ தலையில. கோரா போவாளா? ஒருத்தியும் போகமாட்டா. இந்த வருஷம் நம்ம ஊருக்கு ஒரு நர்ஸ்கூட வரமாட்டா, இலேர்."

"நீ என்ன பண்ணுவ? காத்து செஞ்ச வேலை அது."

"காத்து கூரையத்தான் எடுத்துச்சு. பிள்ளைங்கள விரட்டுனது நான்." அவள் குரல் உடைந்தது. "என் குரல் எனக்கே அலுப்பா இருக்கு. நான் விட்டுடறேன். வேற யாராவது வரட்டும்."

அவன் சட்டியை இறக்கி வைத்தான். அவள் முகத்தைத் தன் கம்பளிச் சட்டைக் கையால் துடைத்தான். அதில் தார் வாசனை அடித்திருக்க வேண்டும். அவள் அழுகைக்கு நடுவிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"ஆன்லைன் பாடத்துல வாத்தியாருங்களுக்கு உதவறதுக்குன்னு சிட்னியில ஒருத்தன் இருக்கான்னு சொன்னியே," என்றான். "அவனக் கூப்பிடு."

"லாக்லினா? எனக்கு அவன் பாடம் நடத்தணுமா?"

"அழுதுகிட்டே வாசிக்கிறதுக்கு அது தேவலாம்."

லாக்லின் யூலலியின் வயதுக்காரன். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கு ஜலதோஷம். அவள் தன் வகுப்பின் பதிவை அனுப்பி வைத்தாள். மறுநாள் அவன் கூப்பிட்டபோது ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டோம்.

"யூலலி, உண்மையச் சொல்லவா, கோவிச்சுக்கமாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பாதியில தூங்கிட்டேன்."

இலேர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"உங்களுக்கு ஜலதோஷம், மருந்து சாப்பிட்டிருப்பீங்க," என்றாள் யூலலி விறைப்பாக.

"மருந்து அப்புறம்தான் சாப்பிட்டேன்." அவன் தும்மினான். "சரி, ஒண்ணு கேக்குறேன். நேத்து வகுப்புல பிள்ளைங்க என்ன செஞ்சாங்க?"

"கேட்டாங்க."

"கேட்டது இருக்கட்டும். என்ன செஞ்சாங்க?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"கூரை இருந்தப்போ எலும்பக் கையில குடுப்பீங்கல்ல? கையில குடுத்த அப்புறம் வாய மூடிக்குவீங்கல்ல? அத இங்க எப்படிச் செய்யலாம்னு பாருங்க. விளக்கத்தையெல்லாம் குட்டிக் குட்டி வீடியோவா எடுத்து முன்னாடியே அனுப்பிடுங்க. டீ ஆறறதுக்குள்ள பாத்து முடிக்கணும், அவ்வளவு சின்னது. வகுப்பு நேரம் செய்யறதுக்கு. கேள்வி கேட்டா காத்திருங்க. நீங்களே பதில் சொல்லிடறீங்க, அவங்க எதுக்கு வாயத் திறக்கணும்? அப்புறம் ரெண்டு மூணு பேரா சின்ன அறையில போட்டு விடுங்க. பெரிய கூட்டத்துல பேசாதவங்க அங்க பேசுவாங்க."

"கையில குடுக்க என்கிட்ட எலும்பு இல்லியே. அது வேலியில தொங்கிச்சு."

"வீட்டுல வேற உடம்பே இல்லியா?" என்றான் லாக்லின்.

யூலலி மெதுவாகத் திரும்பி இலேரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் மீன் தட்டையைத் திருப்பும் கரண்டியோடு நின்றான்.

"என்ன? ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?"

முதல் வீடியோவைக் கொட்டகையில் எடுத்தார்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் இலேரின் வலது தோள் இழுத்துப் பிடிக்கும். கூண்டு இழுத்து இழுத்து வந்த வலி. அவன் வலியோடு கூண்டைத் தூக்கி அடுக்க, அவள் போனைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கை மேல வரும்போது எது இழுக்குது? எது வலிக்குது? நாளைக்கு வந்து எனக்குச் சொல்லுங்க," என்றாள். அவ்வளவுதான் வீடியோ. கடைசியில் இலேர், "சீக்கிரம் எடு, குளிருது," என்பதும் பதிவாகிவிட்டது. அவள் அதை வெட்டாமலே அனுப்பினாள்.

மறுநாள் காலை அடுப்பில் கட்டை நிறையப் போட்டிருந்தும் இலேர் சட்டையைக் கழற்ற மறுத்தான்.

"பொம்பளப் பிள்ளைங்க பாப்பாங்க."

"நாளைக்கு அவங்கதான் உன்னக் குளிப்பாட்டப் போறாங்க, கெழவனானப்புறம். இப்பவே பழகிக்கட்டும். கழட்டு."

அவன் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தான். கேமரா அவன் முதுகைப் பார்த்தது. யூலலி பேனா தேடினாள். அகப்பட்டது, மிதவைகளில் எண் எழுதும் தடித்த கறுப்புப் பேனாதான். தோள்பட்டை எலும்பைத் தடவிப் பார்த்து அதன் எல்லையை வரைந்தாள். எலும்பின் குறுக்கே ஓடும் மேட்டை வரைந்தாள். "இப்ப கையைத் தூக்க ஆரம்பிச்சு வைக்கிற அந்தச் சின்னத் தசை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அவள் வாய் தானாகவே பதிலுக்குத் திறந்தது. நான் தேநீர்க் கோப்பையை உயர்த்தி அவளுக்குக் கண்காட்டினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுப்பில் கட்டை வெடித்தது. இலேர் நாற்காலியில் ஒரு காலை மாற்றிப் போட்டான். எனக்கே தாங்கவில்லை, நானே ஏதாவது உளறிவிடுவேன் போலிருந்தது. கறுப்புக் கட்டங்கள் கறுப்பாகவே இருந்தன.

கடைசியில் அவளால் முடியவில்லை. "சரி, நான் வரையறேன்," என்று பேனாவை அவன் முதுகில் வைத்தாள். அவனுக்குக் கூசியது. இலேர் "ஏய்!" என்று துள்ளினான். கோடு இழுபட்டு மேட்டுக்குக் கீழே போய்விட்டது. அவள் கவனிக்காமல் அங்கேயே தசையை வரைந்து பெயரும் எழுதிவிட்டாள்.

லேப்டாப்பில் ஏதோ கிறீச்சிட்டது. பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம். அதற்கு மேலே மெல்லிய, எலிக்குஞ்சு மாதிரி ஒரு குரல்.

"டீச்சர்... அது அங்க இல்ல."

யூலலி உறைந்து போனாள். "யாரு?"

"நோலா, டீச்சர். அது மேட்டுக்குக் கீழ இல்ல, மேல. நீங்க தப்பா வரைஞ்சிட்டீங்க. மன்னிச்சுக்குங்க."

யூலலி முதுகைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த ஆண்டு நான் முதல்முறை பார்த்த சிரிப்பு வந்தது. "ஆமா! தப்புத்தான்! இது எப்படி உனக்குத் தெரிஞ்சுது?"

"மாமாவுக்கும் அங்கதான் வலிக்கும். நேத்து வீடியோ பாத்துட்டு அவர் தோள்ல தொட்டுப் பாத்தேன்."

"நோலா, ஒரு நிமிஷம்," என்றான் இலேர் திரும்பாமல். "தப்பா எழுதினத அழிக்கச் சொல்லு உங்க டீச்சர. இந்த மை அழியாது."

முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு இன்னொன்று. பக்கத்துச் சாட் பெட்டியில் எழுத்துகள் விழத் தொடங்கின. எனக்கு வாசிக்க முடியாத வேகத்தில் விழுந்தன. யூலலி கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. உங்க வீட்டுல யாரு இருக்காங்க? புருஷன், அப்பா, அண்ணன், யாரா இருந்தாலும் பிடிச்சு இழுத்துட்டு வாங்க. பேனா எடுத்துக்குங்க. அறை அறையாப் பிரிச்சு விடறேன். பேர் சரியா இருக்கான்னு ஒருத்தருக்கொருத்தர் பாத்துச் சொல்லுங்க. கேமராவப் போட்டாத்தான் முதுகு தெரியும்!"

கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. ஜன்னலில் விளக்கு எரிவதுபோல ஒரு சமையலறை, ஒரு படுக்கை விளிம்பு, சலவை மெஷின் மேல் உட்காரவைக்கப்பட்ட ஒரு ஆள். கோராவின் அம்மா, "முதுகுல எழுதுறது என்ன படிப்புடி? நான் சூப் வச்சிருக்கேன், விடு," என்று திட்டிக்கொண்டே குனிந்து நின்றாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு வேலை பார்க்கும் ட்ரெவர், தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் முதுகில் வரைந்துகொண்டிருந்தான். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. நோலாவின் மாமனார் மார்சல் தொப்பியைக் கழற்றாமல் சட்டையை மட்டும் கழற்றிவிட்டு, ராஜா மாதிரி சோபாவில் கவிழ்ந்து கிடந்தார்.

அதற்கப்புறம் கடற்கரையோரம் என்ன நடந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். சனிக்கிழமை பனிக்கட்டி ஹாக்கி முடிந்து ஆண்கள் உடை மாற்றும் அறையில், ஆளுக்கொரு தசை கறுப்பு மையில் இருந்தது. கூட்டுறவுக் கடையில் ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டி, "இது டெல்டாய்டு, உன்னோடது என்ன?" என்று கேட்டான். ஒன்றுமே வரையப்படாதவர்களுக்குக் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது. காலுக்கு வந்தபோது யூலலி என் கெண்டைக்காலைக் கேட்டாள். நான் மேசைமேல் ஏறி நின்றேன். பனி வண்டியின் மிதிகட்டையை அழுத்தும்போது எந்தத் தசை வேலை செய்கிறது என்று ட்ரெவர் எனக்கு விளக்கினான். அதற்குமுன் என் காலைப் பற்றி யாரும் அவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை.

யூலலியும் மாறினாள். கேள்வி கேட்டுவிட்டுத் தேநீரை மெல்ல உறிஞ்சக் கற்றுக்கொண்டாள். திரையில் மூன்று விடைகளைப் போட்டு ஓட்டு எடுத்தாள். ஓட்டில் தோற்றவர்கள் ஜெயித்தவர்களோடு சண்டைபோட அறைகளுக்கு அனுப்பினாள். "பாதி நேரம் நான் சும்மா உக்காந்திருக்கேன், இலேர். எனக்கே கூச்சமா இருக்கு," என்றாள்.

"இருபது வருஷமா உன்கிட்ட நான் அதத்தானே சொல்றேன்," என்றான் அவன். "வீட்டுலயும் கொஞ்சம் சும்மா இருந்து பாரு." சமையல் துணி பறந்து வந்து அவன் முகத்தில் விழுந்தது.

ஆனால் மோரக் வருகிற நாள் எது என்பது மட்டும் தெரியவில்லை. போன பிள்ளைகள் போனவர்கள்தான். எண்ணிக்கை விளிம்பில் நின்றது. எந்த நேரமும் கதவு தட்டப்படும் என்று காத்திருக்கிற வீடுபோல அவள் தினமும் காலையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் வந்தபோது அவள் கவனிக்கவில்லை. வெளியே மறுபடி சுவெட் கிளம்பியிருந்தது. ஜன்னல்கள் அதிர, இணைய இணைப்பு விட்டு விட்டு வந்தது. எந்த நேரமும் மின்சாரம் போகும் என்று அவசர அவசரமாகப் பிள்ளைகளை அறைகளில் போட்டாள். "விருந்தினர்" என்ற பெயரோடு ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. இணைப்பு அறுந்து திரும்பி வந்த பிள்ளை யாரோ என்று நினைத்து, அதையும் நோலாவின் அறைக்குள் தள்ளிவிட்டாள்.

அந்த அறையில் நடந்ததை நோலா பிறகு எங்களுக்குச் சொன்னாள். மார்சல் இன்றுவரை கடற்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்சல் வழக்கம்போல சோபாவில் கிடந்தார். கறுப்புக் கட்டத்தைப் பார்த்து, "அது யாரு, பேசாம இருட்டுல உக்காந்திருக்கிறது?" என்றார்.

நோலாவுக்குச் சட்டென்று தோன்றியது, இது லோரெட்தான் என்று. நின்றுபோனவள் பெயர் சொல்ல வெட்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"லோரெட்? நீயா? வந்துட்டியா?"

நோலா திரைக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"பயப்படாத. யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க. நானும் விட்டுடணும்னுதான் இருந்தேன், தெரியுமா? புஸ்தகத்தையெல்லாம் பெட்டியில போட்டுக் கட்டியாச்சு. எனக்கு மண்டையில எதுவும் ஏறாது, நான் இதுக்கு லாயக்கில்லன்னு நெனச்சேன். அன்னைக்கு டீச்சர் தப்பா வரைஞ்சாங்க. எனக்கு அது தெரிஞ்சுது, லோரெட். எனக்கு! வாயத் திறந்து சொல்லிட்டேன். அன்னைக்கே பெட்டியப் பிரிச்சிட்டேன்." "இத மூடிட்டா நான் சிட்னிக்குப் போகமுடியாது. மாமாவையும் பாப்பாவையும் யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்? அதனால நீ போகாத. நீயும் இருந்தா மூடமாட்டாங்க."

"கேமராவப் போடு தாயி," என்றார் மார்சல் சோபாவில் முகம் புதைத்தபடி. "வெக்கப்படாத. நான் இங்க அரை அம்மணமா கிடக்கேன், எனக்கே வெக்கமில்ல."

கட்டம் வெளிச்சமானது. நரைத்த தலையும் கழுத்தில் முத்து மாலையுமாக ஒரு பெண்மணி, புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மார்சல் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இது லோரெட் இல்லியே!"

"இல்லீங்க," என்றாள் அந்தப் பெண்மணி. "நான் மோரக். சிட்னியில இருந்து."

நோலா கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டாள். மார்சல் அவசரமாகத் தொப்பியைக் கழற்றினார். சட்டை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மோரக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "எனக்கும் இந்தத் தோள் போன வருஷத்துல இருந்து வலிக்குது," என்றாள். "அந்த மேடு எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, நோலா? எனக்குச் சொல்லிக் குடு."

நோலா சொல்லிக்கொடுத்தாள். விரலை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், கையை எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்று அந்த மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஆமா, இங்கதான்! இங்கதான்!" என்று மோரக் கத்தியது பக்கத்து அலுவலகத்துக்கே கேட்டதாம். அந்த நேரம் பார்த்துக் காற்று எங்கேயோ மின்கம்பத்தைச் சாய்த்தது. கடற்கரை முழுக்க விளக்குகள் ஒரே நொடியில் அணைந்து போயின.

யூலலிக்கு எதுவும் தெரியாது. மறுநாள் மாலை மின்சாரம் வந்ததும் போன் அடித்தது. அடுப்பில் ஃப்ரிகோ, எங்கள் ஊர்க் கோழிக் குழம்பு, கொதித்துக்கொண்டிருந்தது. இலேர் மாவு உருண்டைகளை உள்ளே போட்டுக்கொண்டிருந்தான். யூலலி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நேத்தா? நேத்தா வந்தீங்க?" என்றாள். அவள் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு மூடப்படாது. அது மட்டுமல்ல, நின்றுபோனவர்களை மோரக் தானே கூப்பிட்டுப் பேசப்போகிறாள். ஜூனில் மற்ற ஊர் வாத்தியார்களுக்கு யூலலி இதைக் காட்டித் தர வேண்டும்.

"என் முதுகும் ஜூன்ல வரணுமா? நான் கடல்ல இருப்பேனே," என்றான் இலேர்.

யூலலி எழுந்து, மாவுக் கையோடு நின்ற அவனைக் கட்டிக்கொண்டாள். ஃப்ரிகோ அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டோம். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மே மாதம், கடலில் கூண்டு இறக்கும் நாள். விடியுமுன்பே ஊர் முழுக்கத் துறைமுகத்தில் நிற்கும். படகுகள் கூண்டுகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு கிளம்பக் காத்திருக்கும். பாதிரியார் தண்ணீர் தெளிப்பார். காபியும் இனிப்பு ரொட்டியும் கைக்குக் கை போகும். இலேரின் தோள் வலி, நோலா சொல்லிக்கொடுத்த பயிற்சியால் குறைந்திருந்தது. அந்த வருடம் துறைமுகத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். கடற்கரை நெடுக இருந்து வண்டிகள் வந்து நின்றன. இறங்கியவர்கள் தயங்கித் தயங்கி யூலலியைப் பார்த்தார்கள்.

ட்ரெவரைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். கோராவைக் கோராவின் அம்மாவின் திட்டை வைத்துக் கண்டுபிடித்தாள். கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். துறைமுகத்திலேயே உயரமானவள். இலேரே அவள் தோளுக்குத்தான் வருவான். பின்னால் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், இந்த முறை சட்டையோடு.

அவள் குனிந்து, எலிக்குஞ்சு மாதிரிக் குரலில், "டீச்சர்," என்றாள்.

யூலலி அண்ணாந்து பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றாள். பிறகு சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நோலா! கட்டத்துக்குள்ள எப்படிடி அடங்கின நீ?"

நோலா குழந்தையை மாமனாரிடம் கொடுத்துவிட்டு டீச்சரை அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டாள். படகுகளில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். மார்சல் தன் முறைக்கு என்று கைகளை விரித்து நின்றார். இலேர் படகின் முனையிலிருந்து, "பாத்து, பாத்து! ஜூன்ல அவ வாத்தியாருங்களுக்குப் பாடம் நடத்தணும்!" என்று கத்தியபடி கயிற்றை அவிழ்த்தான்.